பழைய பிரிட்டிஷ் திகில்பட ட்ரெய்லர்களைச் சேர்ப்பது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

1957-இல் ஹாமர் என்ற பிரிட்டிஷ் படத் தயாரிப்பு நிறுவனத்தின் ‘தி கர்ஸ் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ திரைக்கு வந்தபோது அதன் ட்ரெய்லருக்குச் சில வாரங்கள்தான் வேலை இருந்தது. அந்தக் காலத்து பிரிட்டனில் நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற நிறுவனம் ட்ரெய்லர்களைத் தியேட்டர்களுக்கு வாடகைக்கு அனுப்பிவந்தது. வேலை முடிந்ததும் சுருள் திரும்பிப் போய்விடும். தேய்ந்துபோனால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பத்திரப்படுத்த வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றாத அந்த இரண்டு மூன்று நிமிடத் துண்டுகள் இன்று கேசட்டிலும் டிவிடியிலும் ப்ளூரேயிலும் நம் கைக்கு வருகின்றன. எனக்கு இது பெரிய விஷயமாகவே படுகிறது. அவற்றைத் தேடிச் சேர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு எங்கே தொடங்குவது, எதைத் தவிர்ப்பது என்று இதில் சொல்கிறேன்.

ஒரு படத்துக்கு ஒரு ட்ரெய்லர்தான் என்று நினைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வராதீர்கள். பிரிட்டனுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று, இரண்டு படங்களைச் சேர்த்து ஓட்டியபோது ஒன்று, சில வருடம் கழித்து மறுவெளியீட்டுக்கு ஒன்று, தொலைக்காட்சிக்குச் சின்னதாக ஒன்று என்று பல இருக்கும். நீங்கள் சேர்க்கப்போவது அந்தப் பல வடிவங்களைத்தான். ‘டிராகுலா ட்ரெய்லர் என்னிடம் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் ‘எந்த ட்ரெய்லர்?’ என்று கேட்கத் தெரிய வேண்டும்.

எல்லையை முதலில் போட்டுக்கொள்ளுங்கள்

பிரிட்டிஷ் திகில் படம் என்றாலே பலருக்கு ஹாமர்தான் நினைவுக்கு வரும். அது நியாயமும்கூட. வின்ட்சருக்குப் பக்கத்தில் தேம்ஸ் கரையில் இருந்த பிரே ஸ்டுடியோவில் நடிகர்கள் பீட்டர் குஷிங், கிறிஸ்டபர் லீ, இயக்குநர் டெரன்ஸ் ஃபிஷர் ஆகியோரை வைத்து ஹாமர் எடுத்த படங்கள்தான் இந்த வகையை வண்ணத்துக்குக் கொண்டுவந்தன. 1957-இல் தொடங்கி 1976-இல் வந்த ‘டு தி டெவில் எ டாட்டர்’ வரை எடுத்துக்கொண்டாலே பல வருடத்துக்குப் போதுமான வேலை இருக்கிறது.

அதைத் தாண்டினால் ஏமிகஸ் வரும். மில்டன் சுபோட்ஸ்கி, மேக்ஸ் ரோசன்பெர்க் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இங்கிலாந்தில் நடத்திய நிறுவனம். நாலைந்து குட்டிக் கதைகளை ஒரே படமாகக் கோர்ப்பது அவர்களுடைய பாணி. 1965-இல் ‘டாக்டர் டெரர்ஸ் ஹவுஸ் ஆஃப் ஹாரர்ஸ்’, 1972-இல் ‘டேல்ஸ் ஃப்ரம் தி க்ரிப்ட்’, ‘அசைலம்’ எல்லாம் அப்படி வந்தவை. அப்புறம் டோனி டென்சரின் டைகன் நிறுவனம்: 1968-இல் ‘விட்ச்ஃபைண்டர் ஜெனரல்’, 1971-இல் ‘தி ப்ளட் ஆன் சேட்டன்ஸ் க்ளா’. ‘ஹாரர்ஸ் ஆஃப் தி பிளாக் மியூசியம்’, ‘பீப்பிங் டாம்’ போன்ற படங்களை வெளியிட்ட ஆங்க்லோ அமால்கமேட்டட் இன்னொன்று.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். ஒரு நிறுவனத்தையோ, ஒரு நடிகரையோ, ஐந்து வருடக் காலத்தையோ எடுத்துக்கொண்டு அதில் ஆழமாகப் போங்கள். என்னைக் கேட்டால் 1964 முதல் 1968 வரையிலான ஹாமர் நல்ல தொடக்கம். படங்களும் நல்லவை, ட்ரெய்லர்களும் நல்ல நிலையில் கிடைக்கின்றன, விலையும் கட்டுக்குள் இருக்கும்.

இன்னொன்று: படத்தைப் பார்க்காமல் ட்ரெய்லரைப் பார்க்காதீர்கள். அந்தக் காலத்து ட்ரெய்லர்கள் முடிவைக் காட்டக் கொஞ்சமும் தயங்கவில்லை. வாம்பையரின் நெஞ்சில் ஆப்பு இறங்குவதுவரை காட்டிவிடுவார்கள்.

எந்த நாட்டு ட்ரெய்லர் என்று கண்டுபிடிக்கப் பழகுங்கள்

இந்தச் சேகரிப்பின் சுவையே இங்கேதான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் தடயம் தலைப்பு. பிரிட்டனில் ஒரு பெயர், அமெரிக்காவில் வேறு பெயர் என்பது இந்தப் படங்களுக்குச் சாதாரணம். 1958-இன் ‘டிராகுலா’ அமெரிக்காவில் ‘ஹாரர் ஆஃப் டிராகுலா’ ஆனது, 1931-இல் வந்த பழைய படத்தோடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காக. 1957-இன் ‘நைட் ஆஃப் தி டீமன்’ அங்கே ‘கர்ஸ் ஆஃப் தி டீமன்’. 1962-இன் ‘நைட் ஆஃப் தி ஈகிள்’ அங்கே ‘பர்ன், விட்ச், பர்ன்’. 1967-இன் ‘குவாட்டர்மாஸ் அண்ட் தி பிட்’ அங்கே ‘ஃபைவ் மில்லியன் இயர்ஸ் டு எர்த்’. 1968-இன் ‘தி டெவில் ரைட்ஸ் அவுட்’ அங்கே ‘தி டெவில்ஸ் பிரைட்’. இந்தப் பெயர் ஜோடிகளை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் தேடும்போது இரண்டு பெயரிலும் தேடினால்தான் எல்லாம் அகப்படும்.

பெயரோடு தொனியும் மாறும். ‘விட்ச்ஃபைண்டர் ஜெனரல்’ 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் சூனியக்காரிகளை வேட்டையாடிய மேத்யூ ஹாப்கின்ஸ் பற்றிய படம். அமெரிக்கத் திகில் எழுத்தாளர் எட்கர் ஆலன் போவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் போவின் கதைகளை வைத்து வின்சென்ட் பிரைஸ் நடித்த படங்களில் ஏற்கெனவே லாபம் பார்த்திருந்த அமெரிக்க விநியோக நிறுவனம், போவின் கவிதைத் தலைப்பான ‘தி கான்கரர் வோர்ம்’ என்பதையே படத்துக்கு வைத்துவிட்டது. 1972-இன் ‘டெத் லைன்’ லண்டன் சுரங்க ரயில் பாதையில் தலைமுறை தலைமுறையாகச் சிக்கிக்கிடந்த மனிதர்களில் கடைசி ஒருவனைப் பற்றிய, மனதைப் பிசையும் படம். அமெரிக்காவில் அதற்கு ‘ரா மீட்’ என்று பெயர் வைத்தார்கள். அதாவது பச்சை மாமிசம். இரண்டு நாட்டு விளம்பரத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒரே படத்தை எத்தனை விதமாக விற்க முடியும் என்பது அங்கே தெரியும்.

இரண்டாவது தடயம் தணிக்கை அட்டை. பிரிட்டனில் ட்ரெய்லருக்கும் படத்துக்கும் தனித்தனிச் சான்றிதழ். குழந்தைகளும் உட்கார்ந்திருக்கும் காட்சியில், பெரியவர்களுக்கு மட்டுமான ஒரு எக்ஸ் படத்துக்கு விளம்பரம் போட வேண்டும் என்றால் அந்த ட்ரெய்லர் மென்மையாக இருந்தாக வேண்டும். எக்ஸ் சான்றிதழ் 1951-இல் வந்தது. முதலில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று இருந்ததை 1970-இல் 18 ஆக்கினார்கள். 1982-இல் எக்ஸ் போய் ‘18’ வந்தது. ட்ரெய்லரின் தொடக்கத்தில் அந்த அட்டை ஒட்டியிருந்தால் அது பிரிட்டிஷ் பிரதி என்று தைரியமாகக் குறித்துக்கொள்ளலாம்.

அமெரிக்க ட்ரெய்லருக்கு வேறு கணக்கு. அங்கே வயது வாரியான மதிப்பீடு தொடங்கியதே 1968 நவம்பரில்தான். ஆர் என்ற எழுத்து தெரிந்தால் அந்த ட்ரெய்லர் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஜிபி என்று இருந்தால் இன்னும் நல்லது. அந்தக் குறியீடு 1970 முதல் 1972 வரைதான் புழக்கத்தில் இருந்தது. அறுபதுகளின் நடுவில் வந்த ஒரு படத்தின் ட்ரெய்லரில் இப்படி ஒரு எழுத்து இருந்தால் அது மறுவெளியீட்டுக்குச் செய்தது என்று புரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது, விநியோகஸ்தர் பெயர். ராங்க், வார்னர் பாத்தே, பிரிட்டிஷ் லயன் என்றால் பிரிட்டன். அமெரிக்கன் இன்டர்நேஷனல் என்றால் அமெரிக்கா. பின்னணிக் குரல் அமெரிக்க உச்சரிப்பா, இங்கிலாந்து உச்சரிப்பா என்பதையும் காது கொடுத்துக் கேளுங்கள்.

ஜோடிப் பட ட்ரெய்லர்களைத் தனியாகத் தேடுங்கள். 1966-இல் ‘டிராகுலா: பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்’ படமும் ‘தி பிளேக் ஆஃப் தி ஜாம்பீஸ்’ படமும் ஒரே டிக்கெட்டில் ஓடின. அதே ஆண்டு ‘ரஸ்புடின்: தி மேட் மங்க்’ படத்தோடு ‘தி ரெப்டைல்’. அமெரிக்காவில் முதல் ஜோடிக்குப் பையன்களுக்கு டிராகுலா பல்லும் பெண்களுக்கு ஜாம்பி கண்ணும் இலவசம் என்று விளம்பரம் செய்தார்கள். அந்த விளம்பரம் இன்றும் காணக் கிடைக்கிறது. தியேட்டரில் என்ன கூத்து நடந்திருக்கும் என்பதை எந்தப் புத்தகத்தையும்விட நன்றாகக் காட்டிவிடும்.

நமக்கு நெருக்கமான இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் தக்கர்கள் என்ற வழிப்பறிக் கூட்டத்தார் செய்த கொலைகளை வைத்து ஹாமர் 1959-இல் எடுத்த ‘தி ஸ்ட்ராங்ளர்ஸ் ஆஃப் பாம்பே’. காளி வழிபாட்டை அது காட்டும் விதம் நமக்கு உறுத்தும், உறுத்தவும் வேண்டும். ஆனால் அகலத்திரையில் எடுத்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ‘ஸ்ட்ராங்ளோஸ்கோப்’ என்று ஒரு பெயரைக் கட்டி அமெரிக்காவில் விற்றார்கள். கிழக்கு நாடுகளை வைத்து எப்படிப் பயம் காட்டினார்கள் என்பதற்கு அது ஒரு ஆவணம்.

முதலில் டிஸ்க்கை வாங்குங்கள்

புதிதாக வருகிறவர்கள் நேராக ‘100 ட்ரெய்லர்கள்’ என்று அட்டை போட்ட தொகுப்பைத்தான் தேடிப் போகிறார்கள். அங்கே தொடங்க வேண்டாம். நல்ல ட்ரெய்லர் பெரும்பாலும் அந்தந்தப் படத்தின் டிவிடி அல்லது ப்ளூரேயில் கூடுதல் பகுதியாக இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் படங்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஹாமர் ஒவ்வொரு படத்தையும் ஒவ்வொரு பெரிய விநியோகஸ்தரோடு சேர்ந்து எடுத்தது. கொலம்பியாவோடு சில, யுனிவர்சலோடு சில, வார்னரோடு சில, ஃபாக்ஸோடு சில. வீட்டு வீடியோ உரிமையும் அந்தக் கோடுகளிலேயே பிரிந்துகிடக்கிறது.

பிரிட்டனில் பவர்ஹவுஸ் நிறுவனத்தின் இண்டிகேட்டர் வரிசையைப் பார்த்தால் இது தெளிவாகும். 2017-இல் வந்த அவர்களின் முதல் ஹாமர் பெட்டியில் ‘மேனியாக்’, ‘தி கார்கன்’, ‘தி கர்ஸ் ஆஃப் தி மம்மீஸ் டூம்’, ‘ஃபனட்டிக்’ என்று நான்கு படங்கள். எல்லாம் கொலம்பியா வெளியிட்டவை. 2018-இல் வந்த மூன்றாவது பெட்டியில்தான் ‘தி ஸ்ட்ராங்ளர்ஸ் ஆஃப் பாம்பே’ இருக்கிறது. ஆறாவது பெட்டியில் ‘கேப்டன் க்ளெக்’, ‘தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா’ முதலிய யுனிவர்சல் படங்கள். ட்ரெய்லர்களைக் கவனமாகச் சேர்க்கிற வரிசை இது. என் முதல் சிபாரிசும் இதுதான். பெட்டி கைக்கு எட்டாத விலையில் இருந்தால் சில படங்கள் தனி டிஸ்க்காகவும் வந்திருக்கின்றன, தேடிப் பாருங்கள்.

ஃபாக்ஸ் பக்கப் படங்களான ‘தி ரெப்டைல்’, ‘தி டெவில் ரைட்ஸ் அவுட்’ போன்றவற்றுக்கு பிரிட்டனில் ஸ்டுடியோகனால் என்ற நிறுவனம் 2012-ஐ ஒட்டி ப்ளூரே கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஸ்க்ரீம் ஃபேக்டரி, வார்னர் ஆர்க்கைவ் என்ற இரண்டு வெளியீட்டு வரிசைகளையும் பாருங்கள். தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்காவில் ஆங்கர் பே வெளியிட்ட ஹாமர் வரிசையைப் பழைய சரக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் ட்ரெய்லரோடு தொலைக்காட்சி விளம்பரங்களும் இருக்கின்றன. ஆலிவர் ரீட் குரல் கொடுத்த ‘தி வேர்ல்ட் ஆஃப் ஹாமர்’ என்ற 13 பகுதித் தொடரின் ஒரு பகுதியும் பல டிஸ்க்கில் வரும். படத்துக்குப் புதிய ப்ளூரே வந்துவிட்டதால் இந்தப் பழைய டிவிடிகளை மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். ட்ரெய்லர் தேடுபவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு.

வாங்கும் முன் பின்னட்டையின் படத்தைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். ‘ட்ரெய்லர்’ என்று ஒருமையில் இருக்கிறதா, பன்மையில் இருக்கிறதா? தொலைக்காட்சி விளம்பரம், ஜோடிப் பட விளம்பரம், வானொலி விளம்பரம் என்று தனியாகச் சொல்லியிருக்கிறார்களா? வேறு படங்களின் ட்ரெய்லர்களைக் கூடுதலாகச் சேர்க்கும் வழக்கமும் உண்டு. அதையும் பாருங்கள்.

அடுத்து ரீஜன், அதாவது எந்த நாட்டு ப்ளேயரில் டிஸ்க் ஓடும் என்பதற்கான குறியீடு. டிவிடியில் பிரிட்டன் 2, அமெரிக்கா 1, இந்தியா 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3. ப்ளூரேயில் பிரிட்டன் பி, அமெரிக்கா ஏ, சிங்கப்பூரும் மலேசியாவும் ஏ, இந்தியா சி. ஆகவே சென்னையில் கடையில் வாங்கிய சாதாரண ப்ளேயரில் பிரிட்டிஷ் டிஸ்க் ஓடாமல் போகலாம். டிவிடிக்கு எல்லா ரீஜனையும் படிக்கிற ப்ளேயர் சுலபமாகக் கிடைக்கும். ப்ளூரேக்கு அப்படிப்பட்ட ப்ளேயரைத் தேடித்தான் வாங்க வேண்டும். முதல் டிஸ்க்குக்கு ஆர்டர் போடும் முன்பே ப்ளேயர் விஷயத்தை முடித்துவிடுங்கள்.

தொகுப்புகளை எப்போது தொடலாம்

தனி டிஸ்க்கே வராத படங்கள், மறுவெளியீட்டு விளம்பரங்கள் ஆகியவற்றுக்குத் தொகுப்புகள் உதவும். பிரிட்டனில் நியூக்ளியஸ் ஃபிலிம்ஸ் 2010-இல் வெளியிட்ட ‘வீடியோ நாஸ்டீஸ்: தி டெஃபினிட்டிவ் கைடு’ என்ற மூன்று டிஸ்க் பெட்டி, எண்பதுகளில் அரசு வழக்குத் தொடுக்கக் குறிவைத்த 72 படங்களின் ட்ரெய்லர்களைத் தருகிறது. அவற்றில் பிரிட்டிஷ் படங்கள் மிகக் குறைவு. ஆனாலும் அன்றைய வீடியோச் சூழல் எப்படிக் கொதித்தது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. சினாப்ஸின் ‘42-ண்ட் ஸ்ட்ரீட் ஃபாரெவர்’ வரிசை அமெரிக்கப் பக்கத்துக்கு.

பெயர் தெரியாத இடத்திலிருந்து வரும் தொகுப்புகளில் கவனம் வேண்டும். டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்கள். தொழிற்சாலையில் அச்சடித்த டிவிடியின் அடிப்பக்கம் வெள்ளி நிறம். ஊதாவோ நீலமோ தெரிந்தால் அது வீட்டுக் கணினியில் எழுதியது. பெரும்பாலும் இணையத்திலிருந்து இறக்கிய படமாக இருக்கும், சில வருடத்தில் படிக்க முடியாமலும் போகலாம். அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கேசட்: ஆசையோடு கொஞ்சம் எச்சரிக்கையும்

விஎச்எஸ் கேசட்டில் வருகிற ட்ரெய்லர்கள் வேறு ரகம். வாடகைக் கேசட்டின் தொடக்கத்தில் அதே நிறுவனத்தின் மற்ற வெளியீடுகளுக்கான விளம்பரங்கள் இருக்கும். அவை தியேட்டருக்கானவை அல்ல, வீடியோக் கடைக்காகவே வெட்டியவை. பிற்காலத்தில் டிஸ்க்குக்கு மாற்றும்போது இவற்றை யாரும் எடுத்துக்கொண்டு வருவதில்லை. அதனால் கேசட்டில் மட்டுமே உயிரோடு இருப்பவை இவற்றில் நிறைய உண்டு.

பிரிட்டனில் 1984-இல் வீடியோப் பதிவுகளுக்குச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு கேசட்டுக்கும் தணிக்கைச் சான்றிதழ் கட்டாயம் ஆனது. அதற்கு முன் சான்றிதழ் இல்லாமல் வந்தவற்றைச் சேகரிப்பாளர்கள் ‘ப்ரீ சர்ட்’ என்பார்கள். விலை ஏறுவது இவற்றுக்குத்தான், போலி நடமாடுவதும் இங்கேதான். உறையை வண்ண நகல் எடுத்துப் புதிய கேசட்டில் செருகி விற்பார்கள். உறையின் மடிப்புகளில் நிறம் தேய்ந்திருக்கிறதா, எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, கேசட்டின் மேல் ஒட்டிய லேபிளும் உறையும் ஒரே நிறுவனத்துடையவையா என்று பாருங்கள். ட்ரெய்லருக்காக மட்டும் சேர்க்கிறீர்கள் என்றால் தொண்ணூறுகளின் மலிவான கேசட்டே போதும். பிரிட்டனில் உறவினரோ நண்பரோ இருந்தால், நன்கொடையாக வந்த பொருள்களை விற்கும் சாரிட்டி கடைகளிலும், கார் டிக்கியில் கடை விரிக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளிலும் பார்க்கச் சொல்லுங்கள். தபால் செலவு கேசட் விலையை மிஞ்சும். ஒவ்வொன்றாக வரவழைக்காமல் சேர்த்துவைத்து மொத்தமாக வாங்குங்கள்.

ஒரு நல்ல செய்தி: பிரிட்டன், இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாமே பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைதான். பிரிட்டிஷ் கேசட் நம்மூர் டெக்கில் அப்படியே ஓடும். அமெரிக்கக் கேசட் என்டிஎஸ்சி என்ற வேறு முறை. அதற்கு இரண்டு முறையையும் படிக்கிற டெக் வேண்டும்.

கேசட் கைக்கு வந்ததும் டெக்கில் போட்டுவிடாதீர்கள். முன்பக்க மூடியைத் திறந்தும், ஜன்னல் வழியாகவும் டேப்பின் ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. டெக்கில் போட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட் கெடும், அதற்குப் பிறகு போடுகிற நல்ல கேசட்டுகளுக்கும் தொற்றும். நம் கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்தில் இது வேகமாகப் பரவும். சந்தேகம் இருக்கும் கேசட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தனியாக வையுங்கள். நல்ல கேசட்டுகளை முழுவதும் சுற்றி, புத்தகம்போல் நிற்கவைத்து, ஸ்பீக்கருக்குத் தூரத்தில் வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பெட்டிக்குள் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள்.

பிலிம் சுருள்

இது அடுத்த படி, அவசரம் வேண்டாம். ஆனால் என்ன இருக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது. வீடியோ வரும் முன் வீட்டில் படம் பார்க்க சூப்பர் 8 சுருள்தான். 1965-இல் கோடாக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் டட்லி ஊரில் இயங்கிய டெரான் நிறுவனம் வீட்டுக்கான சூப்பர் 8 படங்களையும் ட்ரெய்லர்களையும் வெகுகாலம் விற்றுவந்து 2011-இல் மூடியது. அதன் சரக்கு இன்றும் கைமாறிக்கொண்டிருக்கிறது.

நீளத்தை வைத்து நேரத்தைக் கணக்கிடலாம். வினாடிக்கு 24 பிரேம் வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு சூப்பர் 8 என்றால் 20 அடி, 16 எம்எம் என்றால் 36 அடி, 35 எம்எம் என்றால் 90 அடி. விற்பவர் ‘35 எம்எம் ட்ரெய்லர், 200 அடி’ என்றால் இரண்டே கால் நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

நிறம் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். ஈஸ்ட்மன்கலர் பிரதிகள் காலப்போக்கில் வெளிறி முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும். டெக்னிகலர் சாய முறையில் அச்சிட்டவை மங்காது. லண்டனில் அந்த முறை 1978 வரை நடந்தது. எனவே அறுபதுகளின் டெக்னிகலர் ட்ரெய்லர் கிடைத்தால் அதன் சிவப்பு இன்றும் சிவப்பாகவே இருக்கும். சுருளிலிருந்து வினிகர் வாடை வந்தால் வாங்காதீர்கள். அது பிலிமின் அடித்தளமான அசிடேட் சிதைகிறது என்பதன் அடையாளம், மற்றச் சுருள்களையும் கெடுக்கும். ஓரத்தில் ‘நைட்ரேட்’ என்று அச்சிட்டிருக்கும் 35 எம்எம் சுருளை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். ஐம்பதுகளின் தொடக்கம்வரை புழங்கிய அந்தப் பிலிம் தீப்பற்றினால் அணைக்க முடியாது. ‘சேஃப்டி’ என்று இருப்பதே நமக்கு.

சுருளைப் ப்ரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்க ஆசை வரும். முதலில் கையால் சுற்றும் பார்வைக் கருவியில் ஒட்டுகள் எல்லாம் உறுதியாக இருக்கின்றனவா, துளைகள் கிழிந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

கேசட்டைக் கணினிக்கு மாற்றும்போது

டேப் நிலைக்காது. அதனால் கேசட்டில் மட்டும் இருப்பதைக் கணினியில் ஏற்றி வைத்துக்கொள்ள வேண்டும். எஸ்-வீடியோ இணைப்பு உள்ள டெக் கிடைத்தால் நல்லது. படம் நடுங்காமல் இருக்க டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி பெரிதும் உதவும். பால் கேசட்டை 720-க்கு 576 அளவில், வினாடிக்கு 25 பிரேமில், இன்டர்லேஸ் (ஒரு பிரேமை ஒற்றை, இரட்டை வரிகளாகப் பிரித்துக் காட்டும் முறை) கலையாமல், இழப்பில்லாத வடிவில் பதிவு செய்யுங்கள். அழகுபடுத்துவது, கோடு நீக்குவது எல்லாம் நகலில் செய்ய வேண்டிய வேலை. மூலப் பதிவில் கை வைக்காதீர்கள். இரண்டு வன்தட்டுகளில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

இந்த ட்ரெய்லர்களுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்காமல் இணையத்தில் ஏற்றுவதோ பிரதி எடுத்து விற்பதோ வேண்டாம். சின்ன நிறுவனங்கள் சிரமப்பட்டு மீட்டெடுத்து வெளியிடுகின்றன. அவர்களிடம் வாங்கினால்தான் அடுத்த பெட்டி வரும்.

பதிவேடு

சேகரிப்பைவிடச் சில சமயம் பதிவேடு மதிப்பானது என்பேன். ஒவ்வொரு ட்ரெய்லருக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். திரையில் வரும் தலைப்பு, நாடு, சான்றிதழ் அட்டை, விநியோகஸ்தர், ஓடும் நேரம், எந்த டிஸ்க் அல்லது கேசட், திரை அளவு. இவற்றோடு முதல் காட்சி என்ன, கடைசிக் காட்சி என்ன என்றும் எழுதுங்கள். ஒரே மாதிரி தோன்றும் இரண்டு ட்ரெய்லர்கள் வேறு வேறு என்பதைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

ஓடும் நேரத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வினாடிக்கு 24 பிரேமில் எடுத்த பிலிம் பால் கேசட்டிலும் பால் டிவிடியிலும் 25 பிரேமில் ஓடுகிறது. அதனால் நான்கு சதவீதம் வேகம் கூடும், குரலும் கொஞ்சம் மேலே போகும். ப்ளூரேயில் 2 நிமிடம் 30 வினாடி ஓடும் ட்ரெய்லர், பால் டிவிடியில் 2 நிமிடம் 24 வினாடிதான் இருக்கும். ஆறு வினாடி வெட்டிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

திரை அளவையும் விடாதீர்கள். பழைய கேசட்டில் 4:3 சட்டத்தில் வரும் ட்ரெய்லரில், தியேட்டரில் மறைத்துவிடும் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் தெரியலாம். அகலத்திரைப் படமானால் தலைகீழ்: பக்கவாட்டில் வெட்டிப்போயிருக்கும். முழுப் படம் தயாராகும் முன்பே ட்ரெய்லர் வெட்டும் வேலை தொடங்கிவிடுவது உண்டு. அதனால் படத்தில் இல்லாத ஷாட், படத்தில் உள்ள அதே வசனத்தின் வேறு டேக் ஆகியவை ட்ரெய்லரில் ஒளிந்திருக்கும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் நிமிடம், வினாடியோடு குறித்துவையுங்கள்.

முதல் சுற்றுக்கு ‘தி கார்கன்’, ‘தி ரெப்டைல்’, ‘தி டெவில் ரைட்ஸ் அவுட்’, ‘குவாட்டர்மாஸ் அண்ட் தி பிட்’, ‘விட்ச்ஃபைண்டர் ஜெனரல்’ ஐந்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டில் ஜோடி விளம்பரங்களைத் தேடிப் பழகலாம். ‘தி கார்கன்’ 1964-இல் பிரிட்டனில் ‘தி கர்ஸ் ஆஃப் தி மம்மீஸ் டூம்’ படத்தோடு ஓடியது. மற்ற மூன்றுக்கும் இரண்டு நாட்டுத் தலைப்புகள் இருக்கின்றன, ஒப்பிட்டுப் பழகலாம். இவற்றைப் பதிவேட்டில் ஏற்றி முடித்ததும் ஏமிகஸ் பக்கம் போங்கள். ‘டாக்டர் டெரர்ஸ் ஹவுஸ் ஆஃப் ஹாரர்ஸ்’ ட்ரெய்லரிலிருந்து தொடங்கலாம்.